சொல்லாமல் விட்ட மூன்றாம் காரணிக்கம்

பின்னேரம் மழை இருட்டத் தொடங்கியதும் என் கணவர் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஊதா நிறக் குடையை எடுத்துக்கொள்வார். அது எங்கள் மகளுடைய குடை. அதன் கம்பிகளில் ஒன்று வளைந்திருக்கும். விரித்தால் ஒரு பக்கம் சற்றுத் தொங்கும். "புள்ள நனைஞ்சிருவா" என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பைத் தேடும்போது நான் அடுப்பை அணைத்துவிட்டு அவரோடு புறப்படுவேன். தனியே விட முடியாது. ஒருமுறை விட்டபோது, அவர் குடையைக் கையில் மடித்துப் பிடித்தபடியே முழுக்க நனைந்து நின்றிருந்தார். அது மகளுக்கான குடையல்லவா!

எங்கள் வீடு கெலிஓயாவில், பெருந்தெருவிலிருந்து மேலே ஏறுகிற சிறு ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. கீழே பஸ் ஹோல்ட். கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கம்பளைக்குப் போகிற பஸ்கள் அங்கே நிற்கும். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் அவர் அவசரமில்லாமல் பார்ப்பார். கடைசி ஆள் இறங்கி, பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அடுத்ததுல வருவா" என்பார்.

எங்கள் மகள் இறந்துவிட்டாள். நான் எழுதப்போகிற நாட்களில் அவள் இறந்த நாளின் ஓராண்டு நிறைவு நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்வதும் சரியில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது, அவர் அறிந்துகொண்டார், பிறகு அந்த அறிவு அவரிடமிருந்து கழன்று விழுந்துவிட்டது. அவருடைய மறதி நோய் எங்கள் மகளின் மரணத்துக்கு முன்பே தொடங்கியது. ஆனால் அது எதைத் தின்னும், எதை விட்டுவைக்கும் என்று அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை.

ஹோல்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவரை நாங்கள் நானா என்றுதான் அழைப்போம். அவர் எங்களைக் கண்டதும் கடைக்குள்ளிருந்து ஒரு கதிரையை எடுத்து வெளியே போடுவார்.

"வாங்க சேர், உக்காருங்க. பஸ் இன்னம் பேராதனை தாண்டல்ல போல."

"சிக்னல் விழலையோ?"

"பஸ்ஸுக்கு ஏது சேர் சிக்னல்? நெனச்ச நேரம் வாறான், நெனச்ச நேரம் போறான்."

"அதுக்குத்தான் அவள ரயில்ல வரச் சொல்றேன். கேக்கிறாளா? ரயில் லேட்டாகும் நானா. ஆனா வராம இருக்காது."

நானா என்னைப் பார்க்கமாட்டார். தெருவைப் பார்ப்பார். "மகள் இன்னைக்கு வந்துருவாதானே?" என்று என் கணவர் கேட்டால், "அல்லாட நாட்டம் சேர். ஒரு பிளேன் டீ குடிக்கிறீங்களா?" என்பார். அவர் ஒருநாளும் 'வருவா' என்று சொன்னதில்லை என்பதை நான் வெகுநாள் கழித்தே கவனித்தேன். அந்தச் சொல்லைத் தினந்தோறும் சொன்னவள் நான்தான்.

என் கணவர் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைநாட்டுப் பாதையின் சிறு சிறு நிலையங்களில், பனியில் கைவிளக்கோடு நின்று அவருடைய இளமை கழிந்தது. ஓய்வுக்குப் பின் இந்த இடத்தில் காணி வாங்கியதற்கு அவர் சொன்ன ஒரே காரணம், இங்கே இருந்தால் ரயிலின் சத்தம் கேட்கும் என்பதுதான். இன்றைக்கும் தூரத்துச் சத்தத்தைக் கேட்டு, அது சரக்கு வண்டியா பயணிகள் வண்டியா, மேலே ஏறுகிறதா இறங்குகிறதா என்று பிழையின்றிச் சொல்லிவிடுவார். சாப்பிட்டோமா என்பது மட்டும் நினைவில் இராது. நான் ஆசிரியையாக இருந்தவள். வாழ்நாள் முழுவதும் புத்தகங்களோடு பழகியவள். துக்கத்தைப் பற்றி அறிவுள்ளவர்கள் எழுதியவற்றை நிறையவே வாசித்திருக்கிறேன். துக்கத்தை ஒருமுறை கடந்துவிட வேண்டும் என்று அவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஒவ்வொரு மாலையும் புதிதாகக் காத்திருக்கிற ஒரு தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிக் கடப்பது என்று அவர்களில் எவரும் எழுதவில்லை.

மகள் கண்டியில் ஒரு ஃபார்மசியில் வேலை செய்தாள். மழைக்காலத்தில் ஒருநாள் காய்ச்சலோடு வந்தாள். "ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிறவ, உனக்கு ஒரு மருந்து இல்லையா?" என்று அப்பா கேலி செய்தார். "எனக்குப் பாதி விலையில கிடைக்கும்பா, அதனால வேலை செய்யாது" என்றாள். டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நாங்கள் ஆறுதலடைந்த வேளையில்தான் அவளுடைய உடல் கைவிட்டது. யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் முதல் சில மாதங்கள் எனக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

அடக்கத்தன்று என் கணவர் எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். பெட்டியின் மீது மண்ணை இட்டார். வந்தவர்களின் கைகளைப் பற்றி நன்றி சொன்னார். அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, துவாயால் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்து, "எங்க நம்ம புள்ள? அவ நம்மகூட வரலையா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அன்றும் சொன்னேன், அடுத்தடுத்த நாட்களிலும் அவர் கேட்ட போதெல்லாம் உண்மையையே சொன்னேன். உண்மை அவருக்கு உரியது என்று எண்ணினேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் அதை முதன்முதலாகக் கேட்டார். சுவரைப் பிடித்துக்கொள்வார். அவருடைய வாயிலிருந்து வருகிற அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது. கடைசியாக நான் சொன்ன அன்று, அவர் அழுது ஓய்ந்தபின் என்னை அந்நியளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "எனக்குச் சொல்லாமலே அடக்கம் பண்ணிட்டீங்களா? பெத்தவன் ஒருத்தன் இருக்கானே, அவன் ஒருபிடி மண்ணு போடட்டும்னு உங்க யாருக்கும் தோணலையா?" என்றார்.

மறுநாள் பின்னேரம் அவர் குடையை எடுத்தபோது, "வருவா, வாங்க போய்ப் பார்ப்போம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. எனக்குள் ஒரு கதவு அடைபட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் நான் அழவில்லை. கறுப்பு உடுத்தவில்லை. சுவரில் அவளுடைய படத்துக்கு மாலை போடவில்லை. உயிரோடிருக்கிற பிள்ளையின் படத்துக்கு யார் மாலை போடுவார்கள்? அவர் தூங்குகிற பகல் வேளைகளில் அவளுடைய அலுமாரியைத் திறந்து நின்றுவிட்டு, சத்தம் வராமல் மூடுவேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த துக்கம்.

எங்கள் குடும்பத்தின் செபமாலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இருள் சூழ்ந்ததும் மாதா சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி மூவரும் உட்காருவோம். பத்துப் பத்து மணிகளாக ஐந்து காரணிக்கங்கள். ஒவ்வொன்றையும் தொடங்குகிறவர், அதை யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது என் கணவர் தம் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். முதலாவது அவருடையது, பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காக. ரயில்வேக்காரர் வேறு யாருக்காக மன்றாடுவார்! இரண்டாவது என்னுடையது, நோயாளிகளுக்காக. மூன்றாவது மகளுடையது. வேலை தேடுகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் என்று அன்றன்று தோன்றியதைச் சொல்வாள். நான்காவது மரித்த ஆன்மாக்களுக்காக. ஐந்தாவது எங்களுக்காக.

அவள் தன்னுடைய காரணிக்கத்தை மிக வேகமாகச் சொல்வாள். வேலைவிட்டு வந்த பசி. "இந்தா வந்துட்டுது எக்ஸ்பிரஸ்" என்று அவள் அப்பா செபத்துக்கு நடுவிலேயே முணுமுணுப்பார். "நிக்க வேண்டிய ஸ்டேஷன்ல எல்லாம் நிக்கணும்மா. மாதா பிளாட்பாரத்துல காத்துக்கிட்டு இருக்காங்க." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் வேகமாகச் சொல்வாள்.

அவள் போனபின் முதல் முறையாக நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தபோது, இரண்டாவதை முடித்துவிட்டு மூன்றாவதை நானே தொடங்கப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது அவளுடையது. வந்து சொல்லட்டும்." பத்து மணிகளையும் விரல்களால் தள்ளிவிட்டு, நான்காவதற்குப் போனார். அன்று முதல் எங்கள் செபமாலையில் நடுவே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. சொல்லாமல் விட்ட மணிகள் விரல்களுக்கிடையே நகர்கிற சிறு ஓசை மட்டும் கேட்கும். நான்காவதில், மரித்தவர்களுக்காக என்று சொல்லும்போது, அவர் தம் தாய் தகப்பனையும் என்னுடைய அண்ணனையும் நினைவுகூருவார். என் நெஞ்சில் ஒரு பெயர் முட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சொல்ல முடியாது. முதலாவதில், பிரயாணத்தில் இருப்பவர்களோடு அவளையும் சேர்த்து அவர் மன்றாடும்போது, ஆமென் என்று நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் வேண்டியது பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. என் மகளுக்காக, என் வீட்டில், அவளைப் பெற்றவரின் பக்கத்தில் இருந்து, அவளுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு காரணிக்கம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவே. அதைச் சொன்னால் அவர் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் நான் மெல்ல மெல்லக் கல்லாகிப்போவேன் என்று பயந்தேன்.

கணவரின் தங்கை கலஹாவிலிருந்து மாதத்தில் ஓரிரு தடவை பஸ் ஏறி வருவாள். தோட்டத்துக் கீரையும் எலுமிச்சையும் கொண்டுவருவாள். வந்து பையை இறக்கி வைக்குமுன்பே அண்ணன் கேட்பார்:

"வர்ற வழியில நம்ம புள்ளையப் பாத்தியா?"

அவள் என்னைப் பார்த்து விழிப்பாள். "நான் கலஹா பஸ்ல வந்தேன் அண்ணே."

"கலஹா பஸ்ல அவ எப்படி இருப்பா? அவ கண்டியிலயிருந்துல்ல வருவா! வயசானாலும் உனக்குப் புத்தி வரல."

"ஆமாண்ணே. எனக்கு மறதி" என்பாள். குசினிக்குள் வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். ஆனால் அவளும் ஒருநாள் பொறுமையிழந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. வாயில பொய்ய வச்சுக்கிட்டு கையில செபமாலை புடிக்கலாமா?"

"வேற என்ன செய்யச் சொல்ற?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் படிச்சவங்க."

"படிச்சதுல இது இல்ல."

"அப்ப அந்தப் புள்ளைக்காக வீட்டுல யாரு வேண்டுறது? உயிரோட இருக்கிறவளாட்டம் பிரயாணிங்களோட சேத்துவிட்டா, அவ ஆத்துமாவுக்கு யாரு இருக்கா?"

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்த அத்தை அவள். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஓராண்டை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்பவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் உள்ளது மிகச் சிறியது. காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை குசினி யன்னலருகே நிற்பேன். மலைச்சரிவில் மூடுபனி விலகாதிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் நான் கேட்பது அன்றைய ஒரு நாளுக்கான பலத்தை மட்டும். ஆண்டவர் கற்பித்த செபத்தில் உணவைக்கூட இன்றைக்கு மட்டும்தானே கேட்கச் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் அதை ஒரு பணிவான சொல்முறை என்று மாணவிகளுக்கு விளக்கியிருக்கிறேன். அது பணிவல்ல, கணிப்பு என்று இப்போது தோன்றுகிறது. மனித நெஞ்சு நாளையதையும் சேர்த்துச் சுமக்காது என்பதை அறிந்த ஒருவருடைய கணிப்பு. சில காலைகளில் எதுவும் கிடைக்கவில்லை என்றே எண்ணி யன்னலை விட்டு நகர்வேன். ஆனாலும் அன்றைய குடையும், அன்றைய பஸ்ஸும், அன்றைய 'வருவா'வும் எப்படியோ நடந்து முடிந்துவிடும். இரவில் திரும்பிப் பார்த்தால், நான் என்னுடைய பலத்தில் நடந்ததாகத் தெரியாது. இதை நான் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கவும் விரும்பவில்லை.

ஆண்டுத் திருப்பலிக்கு ஒழுங்கு செய்யப் பங்குத்தந்தையிடம் போனேன். இளம் வயதினர். எங்கள் கோயிலில் திருப்பலி தொடங்குமுன் அன்று யாருடைய கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பெயர் சொல்லி வாசிப்பார்கள். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு, கணவரைத் தங்கையிடம் விட்டுவிட்டு நான் மட்டுமே போயிருந்தேன். அதைப்போல் இன்னொருமுறை, பெற்றவர் இருவரில் ஒருத்தியாக மட்டும் போய் நிற்க என்னால் முடியாதென்று தோன்றியது. இருவரும் வந்தால் பெயரை வாசிக்க முடியாது.

"பேரை வாசிக்காமலே விட்டுரலாம் டீச்சர்" என்றார் தந்தை. "கடவுளுக்குத் தெரியும்."

"கடவுளுக்குத் தெரியும் ஃபாதர். எனக்குத்தான் கேக்கணும் போல இருக்கு. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு அந்தப் பேரை இப்படி யாரும் சொல்லி நான் கேக்கல."

அவர் திறந்திருந்த குறிப்பேட்டை மூடி வைத்தார்.

"நான் தினமும் அவருக்குப் பொய் சொல்றேன். இது பாவமா, இரக்கமா? நீங்கதான் சொல்லணும்."

"எனக்குத் தெரியாது டீச்சர்" என்றார். "எங்கம்மாவுக்கும் இப்ப இதே மறதி வருத்தந்தான். லீவுல போனா என்னைப் பாத்து எந்திரிச்சு நின்னு, 'தோத்திரம் சாமி'ன்னு கும்பிடுறாங்க. அங்கிய அடையாளம் தெரியுது, பிள்ளையத் தெரியல. நானும் ஆசீர் குடுத்துட்டு வந்துர்றேன். 'நான் உன் மகன்'னு சொல்லிப் பாத்தேன். 'அப்படிப் பேசக்கூடாது சாமி, என் மகன் சின்னப் பையன்'னு சொன்னாங்க." அவர் சிரிக்க முயன்றார். "அங்க எனக்கே ஒண்ணும் புரியல. உங்களுக்கு என்னத்தச் சொல்றது?"

நான் ஆலோசனை தேடிப் போயிருந்தேன். அது கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வருகிற வழியில் மூச்சு சற்று இலகுவாக இருந்தது. அங்கிருந்து புறப்படுமுன், கதவருகே நின்று நான் சொல்லியிருந்தேன்: "பேரை வாசிங்க ஃபாதர். அவரையும் கூட்டிட்டு வர்றேன். என்ன நடக்குதோ நடக்கட்டும்." அது துணிச்சல் அல்ல. யன்னலருகே நின்று நாளுக்கு நாள் கேட்டுப் பெற்ற ஒரு பழக்கம், அந்த ஒரு நாளையும் ஆண்டவரிடமே விட்டுவிடச் சொன்னது.

அன்று காலை கணவருக்கு வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுவிட்டேன். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார். "பூசைக்குப் போறோம்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமையா?" "இல்லங்க." "அப்ப ஏதோ ஒரு ஆத்துமாவுக்கா இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டு, தலையைச் சீவினார். தங்கை முதல் நாளே வந்திருந்தாள். கோயிலில் அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அவரை நடுவில் உட்காரவைத்தோம். அவர் விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்ளாமலே இருவரும் நினைத்திருந்தோம்.

பெயர் வாசிக்கப்பட்டது. வீட்டில் நாங்கள் அழைக்கும் செல்லப்பெயர் வேறு. அது ஞானஸ்நானத்தில் இட்ட முழுப் பெயர். 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்ற சொல் அதைத் தொடர்ந்தது. அந்தப் பெயர் ஒலிபெருக்கியிலிருந்து வந்து கோயிலின் கூரைவரை ஏறிப் பிறகு எங்கள்மேல் இறங்கியது. நான் அவருடைய கையை இறுகப் பிடித்திருந்தேன்.

அவர் என் காதருகே குனிந்தார்.

"நல்ல பேரு" என்றார். "இந்தப் பேர நானும் ஒரு புள்ளைக்கு வச்சிருக்கேன்."

"ஆமாங்க."

"சின்ன வயசாம்மா?"

"சின்ன வயசுதான்."

"த்சொ." கழுத்தை நீட்டி முன்னாலிருந்தவர்களைப் பார்த்தார். "அந்தப் புள்ளையோட அம்மா வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்க."

"அழுறாங்களா?"

"இல்லங்க."

"அழச் சொல்லும்மா" என்றார். "அடக்கி வச்சா ஆகாது. யாராச்சும் பக்கத்துல போயி உக்காந்து, அழச் சொல்லுங்க."

ஓராண்டாக எங்கே இருந்ததோ தெரியாது. முதலில் தோள்கள்தான் குலுங்கின. பிறகு கோயில் என்றும் பார்க்காமல், முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். தங்கையும் அழுதாள். நடுவில் இருந்த அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்த கைலேஞ்சியை எடுத்து, மடிப்பைப் பிரித்து, என் முகத்தில் ஒற்றினார்.

"நீ ஏம்மா இப்படி அழுற?"

"அந்த அம்மாவுக்காக."

"அழு" என்றார். "பாவம், அவங்களுக்கு யாரு இருக்காங்களோ." அவருடைய கை என் முதுகில் இருந்தது. எங்கள் மகளைக் குழந்தையாயிருந்தபோது தட்டித் தூங்கவைத்த அதே தாளத்தில் அது தட்டிக்கொண்டிருந்தது. திருப்பலி முடியும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

தங்கை சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு போனாள். நான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்று பின்னேரமும் மழை இருட்டியது. அவர் குடையை எடுத்தார். நாங்கள் ஹோல்டுக்குப் போனோம். நானா என் வீங்கிய கண்களைப் பார்த்துவிட்டு, அன்று இரண்டு கதிரைகள் போட்டார். பஸ்கள் வந்தன, போயின. "அடுத்ததுல வருவா" என்றார் அவர். அன்று நான் பதிலுக்கு எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மெழுகுதிரி ஏற்றிச் செபமாலையைத் தொடங்கினோம். முதலாவது முடிந்தது. இரண்டாவதை நான் சொல்லி முடித்தேன். தங்கை தலை குனிந்திருந்தாள். மணிகள் வெறுமையாய் நகர்கிற ஓசைக்காக நானும் காத்திருந்தேன். அது வரவில்லை. அவர் விரல் முதல் மணியிலேயே நின்றிருந்தது.

"காலையில பூசையில பேரு வாசிச்சாங்கல்ல" என்றார். எங்களிடம் சொல்கிறாரா, மாதாவிடம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. மறதி எப்படியோ அந்த ஒன்றை அன்று இரவுவரை அவரிடம் விட்டுவைத்திருந்தது. "அந்தப் புள்ளையோட ஆத்துமாவுக்காக. அழாம உக்காந்திருந்த அந்த அம்மாவுக்காகவும்."

அவரே தொடங்கினார். நிதானமாக, எல்லா நிலையங்களிலும் நிற்கிற வண்டியைப் போல ஒவ்வொரு சொல்லிலும் நின்று, அருள் நிறைந்த மந்திரத்தைச் சொன்னார். பின்பாதியை நானும் தங்கையும் சொன்னோம். என் குரல் இடையிடையே உடைந்தது; அவர் காத்திருந்து, நான் முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்கினார். பத்தாவது மணியை அவர் விட்டபோது என் மகளுக்காக, என் வீட்டில், அவளைப் பெற்றவருடைய வாயால், ஒரு காரணிக்கம் சொல்லி முடிந்திருந்தது.

அவர் மணியிலிருந்து கையை எடுத்து என் பக்கம் சாய்ந்தார்.

"அவ வந்ததும் சொல்லிரு. அவளுடைய காரணிக்கத்த இன்னைக்கு நான் எடுத்துக்கிட்டேன்னு. இல்லேன்னா கோவிச்சுக்குவா."

"சொல்றேங்க" என்றேன்.

மறுநாள் அவருக்கு எதுவும் நினைவில்லை. நான் அதை எதிர்பார்த்தேதான் இருந்தேன். அன்று இரண்டாவது முடிந்ததும் நான் அவரிடம், "இன்னைக்கு மூணாவத நான் சொல்லவா? ஒரு புள்ளைக்காகவும், அவளோட அம்மா அப்பாவுக்காகவும்" என்று கேட்டேன். சற்று யோசித்து, "யாரு அவங்க? நமக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார்.

"தெரிஞ்சவங்கதாங்க."

"அப்ப சொல்லு" என்றார்.

இப்போது ஒவ்வொரு மாலையும் நான் கேட்கிறேன். ஒவ்வொரு மாலையும் அவர் அதே கேள்வியைக் கேட்டு, அதே சம்மதத்தைத் தருகிறார். அவள் இன்னும் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்த உண்மை. அவள் போய்விட்டாள் என்பது என்னுடையது. அந்தப் பத்து மணிகளில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே பிள்ளைக்காகப் பேசுகிறோம். என் துயரம் குறைந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஹோல்டில் இறங்குகிற ஒவ்வொரு இளம்பெண்ணின் முகமும் என்னை இன்னும் வெட்டுகிறது. ஆனால் செபமாலை முடிந்து மெழுகுதிரியை அணைக்கும்போது, சுமையை ஒருவரிடம் இறக்கிவைத்த தோளின் ஓய்வு எனக்குக் கிடைக்கிறது. காலைவரை அது போதும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. அவர் செருப்பைத் தேடுகிறார். வளைந்த கம்பியை நேராக்கித் தரட்டுமா என்று நானா ஒருமுறை கேட்டார். என் கணவர் விடவில்லை. "அது அவ குடை, அவ வந்து சொல்லட்டும்" என்றார். நான் அடுப்பை அணைக்க வேண்டும்.